அதிர்வானந்தரின் எலக்ட்ரோடு விரதம்

வாசலில் கார் நிறுத்த இடமில்லை. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் காலையிலிருந்து சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார்கள். உள்ளே கூடம் நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் துண்டில் சுற்றிய ஒரு பொருள். அதைத் தட்டிக்கொடுப்பதும் தடவிக்கொடுப்பதும் பார்த்தால், காய்ச்சல் வந்த குழந்தையோ என்று நமக்கே மனசு இளகும். துண்டை விலக்கிப் பார்த்தால் மீட்டர்.

பி.எச். மீட்டர். தண்ணீரோ பாலோ சாயமோ, அதில் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று எண்ணில் சொல்லும் கருவி. அதிலிருந்து ஒரு வயர் தொங்கும். வயரின் முனையில் பேனா நீளத்துக்கு ஒரு குச்சி, குச்சியின் நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ். அந்தக் குச்சிக்கு எலக்ட்ரோடு என்று பெயர். அதைக் கரைசலில் முக்கினால் திரையில் எண் வந்து நிற்க வேண்டும். நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மீட்டருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

உடம்பு சரியில்லாத மீட்டரை என்ன செய்வது? படித்தவர்கள் கேலிபரேஷன் செய்வார்கள். அதாவது, எண் இன்னதென்று முன்கூட்டியே தெரிந்த கரைசலில் முக்கி, மீட்டர் அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்து, தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மெத்தப் படித்தவர்கள். அதனால் சாமியார் அதிர்வானந்தரிடம் கொண்டுவந்திருந்தார்கள்.

பால் பண்ணையின் வேதியியலாளர் வந்திருந்தார். சாயப்பட்டறை மேலாளர் வந்திருந்தார். ஒரு கல்லூரிப் பேராசிரியரும் வந்திருந்தார். மாணவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. பெயருக்கு முன்னால் முனைவர், பெயருக்குப் பின்னால் பட்டங்களின் ஊர்வலம். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனை கூத்தும் நடந்த இடம் மடமல்ல, கோயிலல்ல. ஊரின் குடிநீரையும் கிணற்றுநீரையும் சோதித்துச் சான்று தரும் ஆய்வுக்கூடம். அதுதான் வேடிக்கை.

அதிர்வானந்தரின் தத்துவம் எளிது. உலகில் எல்லாவற்றுக்கும் அதிர்வு உண்டு. மனிதருக்கு உண்டு, மீட்டருக்கும் உண்டு. கெட்ட அதிர்வு பட்டால் எண் ஆடும். நல்ல அதிர்வு கொடுத்தால் நிற்கும். நல்ல அதிர்வு அவரிடம் மட்டுமே ஸ்டாக் இருக்கிறது. காலையில் எலக்ட்ரோடை ஒரு செம்புக் கிண்ணத்தில், தன் தீர்த்தத்தில் முக்கிவைப்பார். மேலே சிவப்புத் துணி போடுவார். மதியம்வரை கண்ணை மூடி உம் உம் என்று ஒரு சத்தம். பிறகு எடுத்துக் கரைசலில் வைத்தால், ஆச்சரியம் பாருங்கள், எண் நிற்கும். நின்றதைப் பார்த்துப் பேராசிரியரே கண் கலங்கினார் என்றால் நாம் யார் குறை சொல்ல.

தீர்த்தத்துக்குக் காணிக்கை தனி. அதிர்வுக்குத் தனி. அத்தோடு விட்டாரா? வீட்டுக்குப் போகிற மீட்டருக்கு ஒரு விரதமும் விதித்தார்.

"வேலை முடிஞ்சதும் எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டர்ல வைங்க. சுத்தத்துலயும் சுத்தமான தண்ணி. உப்பு ஒரு பொட்டுகூடப் படக் கூடாது. பட்டா தீட்டு. இறக்கிவெச்ச அதிர்வெல்லாம் ஓடிப்போயிடும்."

இதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டினார்கள். சுத்தம் என்று சொல்லிவிட்டால் போதும், நம் ஆட்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரையே மறுபடி காய்ச்சி வடித்து விரதம் காத்தார்கள். அப்படியும் கொஞ்ச நாளில் எண் மறுபடி ஆடியது. விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று தங்களையே நொந்துகொண்டு மறுபடி மீட்டரைத் துண்டில் சுற்றினார்கள்.

கூடத்தைக் கொடுத்தவர் ஆய்வுக்கூடத்தின் முதலாளி. அவரும் வேதியியல் படித்தவர்தான். எப்போதோ படித்தது, எங்கேயோ போய்விட்டது. அவர் மனைவி அதிர்வானந்தரின் முதல் பக்தை. எலக்ட்ரோடு வைக்கும் அலமாரியின் சாவி அந்த அம்மாளின் இடுப்பில்தான் தொங்கும். மகன் அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவன். கடைசியாகப் பேசியவர் சொன்னது சரி என்பது அவனுடைய கொள்கை.

நாலாவது ஆள் மருமகள். அவளும் வேதியியல் படித்தவள், ஆனால் படித்தது எங்கேயும் போகவில்லை. மீட்டர் மேசை அவள் பொறுப்பு. கல்யாணம் பேசும்போது நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன் என்ற ஒன்றை மட்டும் கேட்டாள். மாமனார் சரி என்றார். அதனால்தான் அவளும் சரி என்றாள்.

அந்த மேசைக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

ஆபத்தை அவளே வாய்விட்டு வரவழைத்தாள் என்றும் சொல்லலாம். விரதம் தொடங்கிய வாரமே மாமனாரிடம் போய் நின்றாள்.

"மாமா, எலக்ட்ரோடை டிஸ்டில்டு வாட்டர்ல வைக்கவே கூடாது. உப்புக் கரைசல்லதான் வைக்கணும். பொட்டாசியம் குளோரைடு நம்ம ஷெல்ஃப்லயே இருக்கு."

"ஐயா உப்பு தீட்டுன்னு சொல்லியிருக்காரும்மா."

"ஐயா எந்தக் காலேஜ்ல படிச்சார் மாமா?"

இந்தக் கேள்வி அன்று சாயங்காலத்துக்குள் மாமியார் வழியாக அதிர்வானந்தரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கேள்வி கேட்கிற ஆள் ஒன்று இருந்தால் கடை நடத்த முடியாது. அவர் கண்ணை மூடினார். உம் என்றார். பிறகு மாமியாரைத் தனியாக அழைத்தார்.

"உங்க வீட்டு மீட்டர் ஏன் அடிக்கடி படுக்குது தெரியுமா? அதைத் தொடுற கைல உஷ்ணம் இருக்கு. ஆமா, மாசத்துல எல்லா நாளும் அந்தப் பொண்ணு மீட்டரைத் தொடுதா?"

மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. "எல்லா நாளும்தான் தொடுறா ஐயா. சொன்னா கேக்க மாட்டா."

"ஆயிரம் கை நடுவுல ஒளிச்சு வெச்சாலும் அந்தக் கையை நான் கண்டுபிடிப்பேன்மா. அவ்வளவு உஷ்ணம்."

ஒரு குச்சியின் நுனிக்கு என்னென்ன தெரிகிறது பாருங்கள். எந்தக் கை, எந்த நாள், ஆணா பெண்ணா, எல்லாம் தெரிகிறது. தண்ணீரின் பி.எச். மட்டும்தான் தெரியவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. மேசையில் மருமகள் புழங்கிய பழைய எலக்ட்ரோடை எடுத்துப் பார்த்து, "இதுக்கு ஆயுள் முடிஞ்சுபோச்சு. தூக்கிப் போடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளியே தன் கையால் அதைக் குப்பைக்கூடையில் போட்டார். புதிது வாங்கப்பட்டது. அதற்கும் விரதம், அதற்கும் பூட்டு.

மருமகள் குப்பைக்கூடையிலிருந்து அந்த எலக்ட்ரோடை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். சமையலறை மேல்தட்டில், காலி ஊறுகாய் ஜாடியில் அதை நிறுத்திவைத்தாள்.

"ஜாடில என்ன அது?" என்று கணவன் கேட்டான்.

"செத்துப்போன எலக்ட்ரோடு. உப்புத் தண்ணில ஊறுது."

"ஐயா செத்துப்போச்சுன்னு சொன்னாரே."

"அதான் ஊறப் போட்டிருக்கேன். நீங்க அறிக்கைல போடுற கையெழுத்து யார் எண்ணுக்குங்க? உங்க ஐயாவோட எண்ணுக்கா, தண்ணியோட எண்ணுக்கா? அந்தத் தண்ணியைக் குடிக்கறவன் நம்மளை நம்பித்தான் குடிக்கறான்."

கடைசியாகப் பேசியவள் அவள் என்பதால், அன்றைக்கு அவள் சொன்னது அவனுக்குச் சரியாகப் பட்டது. மறுநாள் காலை அப்பாவோடு காபி குடிக்கும்வரை அது நீடித்தது.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். அன்று அதிர்வானந்தர் வழக்கமான பூஜையோடு ஒரு விசேஷமும் அறிவித்திருந்தார். கெட்ட கையின் உஷ்ணத்தை எல்லாரும் கண்ணால் பார்க்கும்படி நிரூபிப்பார். அதற்குத்தான் இவ்வளவு கார்கள். மீட்டர் நோய்க்கு மருந்து தேடி வந்தவர்களைவிட, ஒரு பெண் தலைகுனிவதைப் பார்க்க வந்தவர்களே அதிகம்.

மேசை நடுக்கூடத்துக்கு வந்தது. மீட்டரின் திரை கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது. ஒரு பீக்கரில் பி.எச். ஏழு என்று சீட்டு ஒட்டிய நிலைக்கரைசல். யார் முக்கினாலும், எங்கே முக்கினாலும் ஏழு காட்ட வேண்டிய கரைசல். அதிர்வானந்தர் தன் கிண்ணத்திலிருந்து ஓர் எலக்ட்ரோடை எடுத்து, நீரூற்றிக் கழுவி, தன் கையால் பிடித்து முக்கினார். திரையில் எண் ஏறியது, ஏழில் நின்றது. கூட்டம் கைகூப்பியது.

"இப்போ நீ வாம்மா" என்றார்.

அவளுக்குக் கொடுக்கப்பட்டது அலமாரியில் விரதமிருந்த எலக்ட்ரோடு. அவள் பிடித்தாள். எண் ஆறுக்குப் போனது, ஆறரைக்கு வந்தது, மறுபடி இறங்கியது. நிற்க மனமில்லாமல் அலைந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவ்வளவு திருப்தியான பெருமூச்சை நான் கேட்டதில்லை.

"ரெண்டையும் மாத்திப் பிடிப்போமா ஐயா?" என்று மருமகள் கேட்டாள். "உங்க கைல இருக்கறதை என்கிட்ட குடுங்க. என்கிட்ட இருக்கறதை நீங்க பிடிங்க."

"என் அதிர்வு இறங்கின பொருளை நீ தொடக் கூடாது."

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் குடும்பத்துக்கு வந்த அவமானத்தை அவரே முடித்துவைக்க நினைத்தார். "போதும்மா. நாளைலேர்ந்து நீ லேபுக்கு வர வேண்டாம். வீட்ல அத்தைக்கு ஒத்தாசையா இரு."

மகன் சுவரைப் பார்த்தான்.

அவள் எலக்ட்ரோடைப் பீக்கரிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.  "வரலை மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ஆயிரம் கை நடுவுல என் கையைக் கண்டுபிடிப்பேன்னு ஐயா அத்தைகிட்ட சொன்னாராம். ஆயிரம் வேண்டாம், ரெண்டே ரெண்டு கை போதும். குறுக்க ஒரு துணியைக் கட்டுவோம். மீட்டர் இந்தப் பக்கம், கையும் கரைசலும் அந்தப் பக்கம். எண்ணை மட்டும் பாத்து யார் கைன்னு ஐயா சொல்லட்டும். சரியா சொல்லிட்டா நான் இந்த மேசைப் பக்கமே வர மாட்டேன்."

அதிர்வானந்தர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவர் வளர்த்த கூட்டமே அவரை மாட்டிவிட்டது. "காட்டுங்க ஐயா, ஆயிரத்துலயே காட்டுவீங்க" என்று நாலாபுறமும் குரல். பேராசிரியரும் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "நியாயமான சோதனைதான்" என்றார். என்றைக்கோ படித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு கை யாருடையது? மாமியாரே முன்வந்தார். மருமகளின் உஷ்ணத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க அவருக்கு ஆசை. ஜன்னல் திரையைக் கழற்றிக் குறுக்கே கட்டினார்கள். அந்த விரத எலக்ட்ரோடோடு மாமியாரும் மருமகளும் பின்னால் போனார்கள். அடியில் வயர் மட்டும் வெளியே வந்து மீட்டரில் சேர்ந்தது.

"முதல் கை" என்றான் மகன்.

மீட்டரில் எண் எழுந்தது. ஆறு, ஆறரை, ஆறே கால். மறுபடி ஆறு. நிற்காமல் ஆடியது.

அதிர்வானந்தரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணை மூடினார், கையை உயர்த்தினார். "இதோ, இதுதான் அந்தக் கை. வாழவந்த வீட்டை விளங்காமப் பண்ற கை. இந்தக் கை தொட்டா பால் திரியும். இந்தக் கை ஆக்கின சோத்தைச் சாப்பிட்டா புருஷன் விளங்க மாட்டான். உள்ள சுத்தமில்லாத பொம்பளையோட கை இது."

இன்னும் நிறையச் சொன்னார். நான் எழுதக் கூசுகிறேன், அவர் சொல்லக் கூசவில்லை. கூட்டம் உச்சுக்கொட்டியது.

திரை விலகியது. விலக்கியது மருமகள் அல்ல. ஒரு கையில் சொட்டுகிற எலக்ட்ரோடைப் பிடித்தபடி மாமியார் நின்றிருந்தார்.

"யார் கையைச் சொன்னீங்க ஐயா?" என்றார் மெதுவாக, கணவரைக் காட்டியபடி. "இந்தக் கையையா? நாப்பது வருஷமா இவருக்குச் சோறு போட்ட கை இது."

 ஆனால் அதிர்வானந்தர் சாமானியரா? அடுத்த மூச்சில் அடுத்த பொய்யை எடுத்துவிட்டார். "பக்கத்துல நின்னா உஷ்ணம் தாவும்மா. மருமக உஷ்ணம் உங்க மேல தாவியிருக்கு."

"அப்போ நான் பிடிச்சா இன்னும் அதிகமா ஆடணும்" என்றாள் மருமகள். கைப்பையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். "இது ஐயா செத்துப்போச்சுன்னு குப்பைல போடச் சொன்ன எலக்ட்ரோடு. மாமா, நீங்கதானே போட்டீங்க? அடையாளம் தெரியுதா?"

முதலாளி கிட்டே வந்து பார்த்தார். தலையசைத்தார்.

அவள் அதைக் கழுவி மீட்டரில் மாட்டினாள். பி.எச். ஏழு கரைசலில் முக்கி, மீட்டரைத் திருத்தினாள். கழுவினாள். பி.எச். நாலு கரைசலில் முக்கித் திருத்தினாள். மறுபடி கழுவி மறுபடி ஏழில் வைத்தாள். எல்லாம் அவளுடைய அதே கெட்ட கையால். எண் ஏழுக்கு வந்தது. நின்றது. கூட்டம் கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. எண் அசையவில்லை.

"கேலிபரேஷன்னா இவ்வளவுதான்" என்றாள். "இந்தக் குமிழ் உப்புத் தண்ணில ஊறிக்கிட்டே இருக்கணும். உள்ள இருக்கறதும் உப்புத் தண்ணிதான். சுத்தமான தண்ணில போட்டுவெச்சா உள்ள இருக்கற உப்பு கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும். குமிழும் கெட்டுப்போகும். அப்புறம் எண் எப்படி நிக்கும்? விரதம்னு சொல்லி மீட்டரைக் கெடுக்கறது இவர். தீர்த்தம்னு சொல்லிச் சரிபண்றதும் இவர்."

"தீர்த்தத்துல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அதிர்வானந்தர் கத்தினார். இதுதான் அன்று அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

"எனக்குத் தெரியாது. சோதிச்சுப் பாத்துடுவோம். இது லேப்தானே."

மூன்று சோதனைக் குழாய்கள் வந்தன. ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் ஜாடியின் உப்புக் கரைசல், ஒன்றில் தீர்த்தம். உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் புட்டியை அவள் பேராசிரியர் கையில் கொடுத்தாள். அவர் மூன்றிலும் சொட்டுவிட்டார். வடித்த நீர் தெளிவாக இருந்தது. உப்புக் கரைசல் வெள்ளையாகத் திரிந்தது. தீர்த்தமும் அதேபோல் வெள்ளையாகத் திரிந்தது.

"குளோரைடு" என்று பேராசிரியர் முணுமுணுத்தார். "முதல் வருஷப் பசங்களுக்கு இதை நான்தான் சொல்லிக்குடுக்கறேன்."

ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. மாமியாருக்கு அந்த விதி தெரியாது, தெரிந்தாலும் அன்று கேட்டிருக்க மாட்டார். செம்புக் கிண்ணத்தில் விரலை முக்கி நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். "லேசாக் கசக்குது. ஆனா உப்புத்தான். தீட்டு தீட்டுன்னு சொல்லி என் அலமாரிக்குள்ள வர விடாத உப்பு."

அப்போதுதான் பால் பண்ணை வேதியியலாளர் எழுந்து, அதிர்வானந்தரைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "தாடி இல்லாம நினைச்சுப் பாருங்க. நம்ம பண்ணைக்கு மீட்டர் விக்க வந்த ஏஜென்ட் இவர்தான். எலக்ட்ரோடை உப்புக் கரைசல்ல வைங்கன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே இவர்தான்."

"அப்புறம் ஏன்யா வரிசைல வந்து நின்னீங்க?" என்றாள் மருமகள்.

அவர் தன் மீட்டரைத் துண்டோடு முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.  அதிர்வானந்தர் சிவப்புத் துணியை மறந்து, கிண்ணத்தை மறந்து, செருப்பையும் மறந்து வாசலுக்கு விரைந்தார். வாசலில் அவர் கார் வெளியேற வழியில்லை. பக்தர்களின் கார்கள் மறித்து நின்றன. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். காணிக்கை கொடுத்தவர்கள் பின்னாலேயே போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கப் போகவில்லை. போலீஸ் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை உருவி மருமகள் கையில் வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. "எந்த நாளும் தொடு" என்றார். அது போதுமானதாக இருந்தது. முதலாளி, தான் சான்று கொடுத்த தண்ணீர் மாதிரிகளையெல்லாம் மறுபடி வரவழைக்கச் சொன்னார். ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதித்த ஆய்வுக்கூடம் அது. தன் மேசையில் இருந்த அந்த ஒரு கிண்ணத் தண்ணீரை மட்டும் சோதிக்க அன்றுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. மகன் முதல் தடவையாக யாரும் பேசுவதற்கு முன்பே வாயைத் திறந்து, "நான் கையெழுத்துப் போட்ட அறிக்கையெல்லாம் முதல்ல ரத்தாகணும்" என்றான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்களைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

மருமகள் மேசையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே சாயப்பட்டறை மேலாளர், மீட்டரைத் துண்டில் சுற்றி ஏந்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் வரிசை.

"அம்மா" என்றார் மேலாளர் பயபக்தியோடு. "செத்த எலக்ட்ரோடே உங்க கை பட்டு எழுந்திரிச்சிருச்சு. ராசியான கைம்மா உங்களுது. ஒருதடவை இதையும் தொட்டுக் குடுங்க."

அவள் அலமாரியைத் திறந்தாள். பி.எச். ஏழு நிலைக்கரைசலை ஒரு பீக்கரில் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"என் கை வேண்டாம், உங்க கையாலயே முக்குங்க. எண் தப்பா வந்தா திருத்துங்க. மீட்டரைச் சரிபாக்க இந்தக் கரைசல் இருக்கு" என்றாள். "உங்க தலையைச் சரிபாக்க எந்தக் கடையிலயும் கரைசல் விக்கலை. அதை நீங்களேதான் பண்ணிக்கணும். தினமும் பண்ணிக்கணும்."